ஆக்கருக்கு அரை மார்க்

இல்லை, அந்த மூன்றாவது மணி அடித்ததுதான் தப்பு. முதல் மணிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, குக்கர் என்பது இங்கிலீஷ்தான். இரண்டாவதுக்கும் வாயைத் திறக்கவில்லை, பேட்டரியை யாராலும் காப்பாற்ற முடியாது. ஆனால் மூன்றாவது? அப்பா மேடையில் நின்று அந்தச் சொல்லைச் சொல்கிறார், நாராயணபெருமாள் ஐயா மணியின் தலையில் ஒரு தட்டு தட்டுகிறார், டிங். அரை மார்க் போச்சு. என் பெங்களூரு முழுக்க அந்த அரை மார்க்குக்குள்தான் இருந்தது.

சரி, அவசரப்படுகிறேன். எனக்கு இது எப்போதும் உள்ள வியாதி. முதலில் இருந்தே வருகிறேன்.

என் பெயர் சபிதா. நாகர்கோவிலில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா ராஜகுமார் இராஜாக்கமங்கலம் ரோட்டில் ஆக்கர் கடை வைத்திருக்கிறார். எங்கள் மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பழைய இரும்பு, கட்டுக்கட்டாய்ப் பேப்பர், ஓடாத மிக்சி, காலொடிந்த நாற்காலி, எல்லாவற்றையும் எடுக்கிற கடை. மற்ற ஊர்களில் காயலான் கடை என்பார்கள். இங்கே ஆக்கர். கடைக்குப் பின்னால்தான் வீடு. கடை எங்கே முடிந்து வீடு எங்கே தொடங்குகிறது என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை.

எங்கள் கல்லூரியில் ஒரு போட்டி வைத்தார்கள். 'வீட்டுக்கொரு விஞ்ஞானி' என்று பெயர். மாணவர் பேசவே கூடாது. அறிவியல் படிக்காத ஒருவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். நாம் கற்றுக்கொடுத்த விஷயத்தை அவர் மேடையேறி நான்கு நிமிடத்தில் சொல்ல வேண்டும். அறிவியலுக்கு இருபத்தைந்து, தமிழுக்கு இருபத்தைந்து. இங்கிலீஷ் சொல் ஒன்றுக்கு மணி ஒன்று, மணி ஒன்றுக்கு அரை மார்க் கழியும். 'சார்' மட்டும் விதிவிலக்கு, இல்லாவிட்டால் எல்லோரும் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுவார்கள்.

பரிசு ஒரே ஒருவருக்கு. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தங்கி வேலை பார்க்கலாம். அங்கே ஈஸ்ட் செல்லுக்குள் குப்பை பொறுக்குவதை உயிரோடு பார்க்கலாம். பச்சைப் புள்ளிகளாக ஒளிருமாம்! நான் இதுவரை அதைப் பாடப்புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாக மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்துக்கும் எனக்கு முன்னால் படித்த யாரோ மீசை வரைந்து வைத்திருந்தார்கள்.

எனவே நான் எடுத்த தலைப்பு அதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் தன் பழைய சாமான்களைத் தானே உடைத்து, கிடைத்த துண்டுகளில் புதுச் சாமான் செய்துகொள்கிறது. இந்த நிமிடம், நீங்கள் இதை வாசிக்கும்போது, உங்கள் ஈரலில் நடக்கிறது. ஆட்டோஃபேஜி என்று பெயர். ஆக்கர் கடைக்காரர் மகளுக்கு இதைவிட வேறென்ன தலைப்பு வேண்டும்?

அம்மாவைத்தான் முதலில் கேட்டேன். அம்மா பெயர் அஞ்சலி. மாட்டேன் என்றாள். அப்பா, கேட்காமலே, "நான் வாறேன் மக்களே" என்றார். எங்கள் ஊரில் ஒற்றைப் பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு மேடை என்றால் உயிர். ஆனால் ஒன்பது வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவர். மூன்று சொல்லுக்கு ஒரு சொல் இங்கிலீஷ்.

திங்கட்கிழமை காலையில் பாடத்தைத் தொடங்கினேன்.

"அப்பா, நம்ம உடம்புக்குள்ள கோடிக்கணக்குல செல் இருக்கு."

அப்பாவின் முகம் மாறியது. திரும்பி நிலைவாசலைப் பார்த்தார். போன மழையில்தான் அதைச் செல், அதாவது கறையான், அரித்து, மருந்தடித்து, கீழ்ப்பாதியை வெட்டி மாற்றியிருந்தோம்.

"உடம்புலயுமா? ஆருக்கு?"

"ஐயோ, மரத்த அரிக்கச் செல்லு இல்லப்பா."

"பின்ன எந்தச் செல்லு? சார்ஜ் போடுகதா?"

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏட்டி, அவருக்கு உள்ளது ஒரே ஒரு செல்லு. அதுலயும் சார்ஜ் நிக்காது."

இப்படி ஆரம்பித்துத்தான் நாங்கள் லைசோசோம் வரை போனோம். லைசோசோம் என்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு குட்டிப் பை. உள்ளே அமிலமும், எதையும் கரைக்கிற நொதிகளும் இருக்கும். கரைத்த துண்டுகளை வெளியே அனுப்பும், செல் அவற்றை எடுத்துப் புதிதாக எதையாவது கட்டும். பள்ளிப் புத்தகத்தில் அதற்குத் 'தற்கொலைப் பை' என்று போட்டிருக்கும், பை உடைந்தால் செல்லே கரைந்துபோகும் என்பதால். இதைச் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆரு வச்ச பேரு இது? நாள் முழுக்க வேல பாக்கவனுக்கு இப்பிடியா பேரு வைக்கது? அப்பம் நம்ம கடைக்கும் பெருநாசம் ட்ரேடர்ஸ்னு போர்டு வைப்பமா?"

டங், டங். அம்மா தட்டில் கரண்டியால் தட்டினாள். "ட்ரேடர்ஸ் ஒண்ணு, போர்டு ஒண்ணு. ஒரு மார்க் போச்சு."

இப்படித் தட்டி எண்ணுகிற முறை எனக்குப் பிடித்துப்போனது. கடையில் ஏசுஅடிமை மாமாவிடமும் சொல்லிவைத்தேன். அவர் எங்கள் கடையில் சாமான் உடைக்கிறவர், இருபது வருஷமாக இருக்கிறார். அப்பா இங்கிலீஷ் சொல் ஒன்று சொன்னால் போதும், கூரையில் தொங்கும் தண்டவாளத் துண்டில் சுத்தியலால் ஒரு அடி. புதன்கிழமை மட்டும் அடித்த அடியில், ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

அப்பா மோசமான மாணவர் இல்லை. கேள்விதான் அதிகம். பழைய சாமானைச் சுற்றி ஒரு படலம் வளர்ந்து, கிண்ணம்போல் வளைந்து, கடைசியில் வாய் மூடி ஒரு சாக்குப் பை ஆகும் என்று வரைந்து காட்டினேன். அந்தச் சாக்குக்கு இரண்டு மடிப்பு உண்டு என்றேன்.

"ரெண்டு மடிப்பு எதுக்கு?"

நான் அது ஏன் என்று யோசித்ததே இல்லை. புத்தகத்தில் இருந்தது, வரைந்தேன். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "வெளிமடிப்பு லைசோசோமோட சேந்து ஒட்டிக்கும். உள்மடிப்பு சரக்கோட சேந்து கரஞ்சிரும்."

"அப்பிடிச் சொல்லு. ஒரு சாக்குன்னா வாய அவுக்கும்போ சரக்கு வழியில சிந்தும்லா" என்றார் அப்பா, நாற்பது வருஷமாகச் செல்லுக்குள் வேலை பார்த்தவர் மாதிரி.

அடுத்த கேள்விதான் பெரிய கேள்வி. "இது பழசு, இத உடைன்னு ஆரு சொல்லுகா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது! எங்கள் கடையிலேயே இருந்தது. எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. சாமான் மேல் வெள்ளைச் சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டிருந்தால் ஏசுஅடிமை மாமா உடைப்பார். குறி இல்லாவிட்டால் தொடமாட்டார். செல்லிலும் அப்படித்தான். கெட்டுப்போன புரதத்தின் மேல் யூபிகுயிட்டின் என்ற குட்டிப் புரதம் ஒட்டிக்கொள்ளும். அதுதான் குறி. குறி இருந்தால் சாக்கு வரும்.

விளக்கிக் காட்டுவதற்குப் பின்வாசலில் கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு பாத்திரத்தை எடுத்துக் குறி போட்டேன். "பாத்தியளா, இதான் யூபிகுயிட்டின்!" என்றேன். அப்போது போன் வந்தது. என்னோடு படிக்கிற ஜினோ. அவனும் போட்டியில் இருக்கிறான், அவன் அம்மா செசிலியைக் கூட்டிவருகிறான்.

"ஏட்டி, எங்க அம்ம ரெடி. உங்க அப்பா எப்பிடி, தேறுவாரா?"

"லேய், நீ உனக்க மார்க்க எண்ணு."

பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது அம்மாவின் பிரஷர் குக்கர் ஐந்து குவியலில் இருந்தது. கைப்பிடி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம், ரப்பர் வளையம் ஆணியில் தொங்கியது. உடம்பை ஏசுஅடிமை மாமா தட்டித் தோசை மாதிரி ஆக்கி அலுமினியக் குவியலில் வைத்திருந்தார்.

"மாமா! அம்ம சோறு வைக்கக் குக்கர் அது!"

"குறி இருந்துது."

"நேத்துகூட அதுலதான் வேவிச்சா!"

"குறி இருந்துது மக்களே. நான் குறியப் பாப்பனா, குக்கரப் பாப்பனா?" அவர் முகத்தில் துளிக்கூட வருத்தம் இல்லை. செய்த வேலை சுத்தமாக இருந்தது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அம்மா வந்தாள். ஐந்து குவியலையும் பார்த்தாள். சாக்பீஸ் மாவு ஒட்டிய என் விரல்களைப் பார்த்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் மூன்று வேளையும் கஞ்சி. மூன்றாவது நாள் காலையில் கஞ்சியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "உனக்க செல்லுல இப்பிடி நடக்குமாட்டி? நல்ல சாமானத்துல குறி விழுமா?"

"விழும் அம்மா. சில நேரம் விழும்."

"அப்பம் அதுக்கும் புத்தி கிடையாது" என்றாள். அப்பா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "இத நான் மேடையில சொல்லுவேன்" என்றார்.

சனிக்கிழமை போட்டி. நடுவர்கள் இரண்டு பேர். தமிழுக்கு, ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் நாராயணபெருமாள் ஐயா. அவர் முன்னால் பித்தளையில் ஒரு மேசை மணி. அறிவியலுக்கு, பெங்களூரிலிருந்தே வந்திருந்த விஞ்ஞானி அழகம்மை. அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

எங்களுக்கு முன்னால் ஜினோவின் அம்மா. மீன் ஏன் தண்ணீருக்குள் மூழ்காமல் நிற்கிறது என்பது அவர்கள் தலைப்பு. செசிலி அத்தை இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, மீன் விற்கிற அதே குரலில், மீன் வயிற்றுக் காற்றுப் பையைப் பற்றிப் பேசினார்கள். ஒரு மணி கூட விழவில்லை. நாற்பத்திரண்டு மார்க். ஜினோ தூரத்திலிருந்து எனக்கு, ஜெயித்துவிட்ட மாதிரி, இரண்டு விரலை விரித்துக் காட்டினான்.

அப்பா மேடையேறினார். வெள்ளை வேட்டி, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. நான் ஓரத்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம உடம்பு செல்லால ஆனது."

நாராயணபெருமாள் ஐயாவின் கை மணிக்கு மேலே போனது. அப்பா விடவில்லை. "சாரே, கைய எடுங்க. செல்லரிச்ச ஓலைன்னு நீங்களே சொல்லுவிய. அந்தச் செல்லு தமிழு. அதே எழுத்துதான் இதும்."

கூட்டம் சிரித்தது. ஐயாவின் கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மெல்ல மடிக்குத் திரும்பியது.

அதற்குப் பிறகு அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு கடை நடக்கு. தேஞ்ச சாமான், வளஞ்ச சாமான், ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு கட்டியாப் போன சாமான், எல்லாத்துலயும் ஒரு குறி விழும். குறி விழுந்தா சாக்கு வரும். ரெண்டு மடிப்புச் சாக்கு. ஏன் ரெண்டுன்னு கேக்கணும், கேளுங்க." யாரும் கேட்கவில்லை. அவரே காரணத்தையும் சொல்லிவிட்டு மேலே போனார். "குறி தப்பா விழுந்தா நல்ல சாமானமும் போச்சு. எங்க வீட்டுல ஒரு நல்ல குக்கரு..."

டிங்.

"...ஒரு சோத்துப் பானை அப்பிடித்தான் போச்சு. வீட்டுக்காரி இன்னும் மன்னிக்கல்ல. பிறவு, சாக்கு போய் அமிலப் பையோட சேரும். நம்ம பழைய பேட்டரிக்கு உள்ள..."

டிங்.

"...சரி, அமிலம்னா அமிலம். அதுல எல்லாம் கரஞ்சு, பொடிப்பொடியா வெளிய வரும். அந்தப் பொடியில செல்லு புதுச் சாமானம் செய்யும். சாப்பாடு வராத நாளுல இந்த வேல கூடும். வெளிய இருந்து சரக்கு வரல்லன்னா என்ன செய்ய? வீட்டுக்குள்ள இருக்கதத்தான் உருக்கணும். அந்த நாளுல குறியெல்லாம் பாக்க மாட்டான், கைக்குக் கிட்டினத எடுப்பான். பொஸ்தகத்துல இதுக்குத் தன்னையே திங்குகதுன்னு பேரு போட்டிருக்கான். தப்பு. உடைக்கது பாதி வேலதான். அதனால நான் சொல்லுகேன், நம்ம ஒவ்வொரு செல்லும் ஒரு ஆக்கர்."

டிங்.

அப்பா நின்றுவிட்டார். நான்கு நிமிடத்தில் இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது.

"இது எதுக்கு அடிச்சிய?"

"ஆக்கர்" என்றார் நாராயணபெருமாள் ஐயா. "தமிழ்ச்சொல் அல்ல. குக்கர், லாக்கர், ஸ்டிக்கர். அந்த வரிசை."

"என்ன வரிசை? நான் ஆக்கர். எங்க அப்பா ஆக்கர். நாங்க என்ன இங்கிலீஷ்காரங்களா?"

"கூவி விற்பவனை ஆங்கிலத்தில் ஹாக்கர் என்பார்கள். அது திரிந்து ஆக்கர் ஆனது என்பது என் கருத்து."

"கூவி விக்கவன் நடப்பான், விப்பான். நான் ஒரு எடத்துல இருப்பேன், வாங்குவேன். அவனும் நானும் எப்பிடி சாரே ஒண்ணு? ஆக்குகவன் ஆக்கர். சோறு ஆக்குகோம், சட்டி ஆக்குகோம், அது மாதிரி."

"அழகான விளக்கம். ஆதாரம் வேண்டும்."

இதற்குள் அந்த ஒரு நிமிடம் ஓடிப்போனது. நான் வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தேன். அழகம்மை அவர்கள்தான் குறுக்கிட்டார்கள். "ஒரு கேள்வி. இந்தக் கடை நன்றாக நடந்தால் உடம்புக்கு எப்போதும் நல்லதுதானே?"

இதற்கு நான் எதுவுமே சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா கழுத்தைச் சொறிந்தார்.

"அப்பிடிச் சொல்ல முடியாதம்மா. எங்க கடைக்குக் கள்ளனும் வருவான். ஒருதரம் தெரியாம ஒரு தண்ணி மோட்டாரு வாங்கிட்டு மூணு நாளு ஸ்டேஷனுக்கு நடந்தேன். நேரம் முடிஞ்சாச்சு, இதுக்கு மணி அடிக்கப்பிடாது. கள்ளன் பிழைக்கதும் எங்க கடைய வச்சுத்தான். செல்லுலயும் கள்ளன் இருந்தா அவனும் இந்தக் கடைய வச்சுத்தான பிழைப்பான்?"

அழகம்மை அவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். "புற்றுக்கட்டி அதைத்தான் செய்கிறது. சாப்பாடு குறையும்போது இதே வழியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. இதை யார் சொல்லிக் கொடுத்தது?"

"ஸ்டேஷன்ல" என்றார் அப்பா.

முடிவு வந்தது. எங்களுக்கும் நாற்பத்திரண்டு. மூன்று டிங்குக்கு ஒன்றரை மார்க் போக, நாற்பத்திரண்டு! ஜினோவுக்கும் எனக்கும் சமம். திங்கட்கிழமை இரண்டு பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுவதாக அறிவித்தார்கள். அந்த மூன்றாவது மணி விழாமல் இருந்திருந்தால் குலுக்கலே கிடையாது. நான் என் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன்.

அப்பா நேராக நாராயணபெருமாள் ஐயாவிடம் போனார். "நாளைக்குக் கடைக்கு வாங்க சாரே. ஆதாரம் காட்டுகேன்."

"காட்டினால் அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தருகிறேன்" என்றார் ஐயா. விளையாட்டாகச் சொல்லவில்லை.

"என்னப்பா ஆதாரம் இருக்கு?" என்றேன் வழியில்.

"தராசு மேசைக்கு ஒரு காலு குட்டைல்லா? அதுக்கடியில ஒரு தடிப் பொஸ்தகம் கெடக்கு. அகராதி. எந்தச் சொல்லும் அதுல இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐயா ஸ்கூட்டரில் வந்தார். கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பித்தளைக் குவியல், செம்புக் குவியல், யாரோ எடைக்குப் போட்ட பரிசுக் கேடயங்களின் குவியல். அம்மா பால் விடாத கட்டன்சாயா கொடுத்தாள். கடையில் ஒரே ஒரு நல்ல நாற்காலி இருந்தது. அதில் உட்காரச் சொன்னோம். உட்காரும் முன் அதில் சாக்பீஸ் குறி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நேற்றுக் கேட்ட சோற்றுப் பானைக் கதை அவர் மனதில் நின்றிருக்கிறது.

ஏசுஅடிமை மாமா மேசையைத் தூக்கிப் பிடித்தார். அப்பா அகராதியை உருவினார். தூசி தட்டி ஐயாவின் மடியில் வைத்தார். ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பக்கங்களைப் புரட்டினார். நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன், மூச்சு அவர் காதில் பட்டிருக்கும்.

'ஆக்கம்' என்ற சொல் இருந்தது. அதற்கு அடுத்து ஒரு ஓட்டை. சின்ன ஓட்டை இல்லை, என் உள்ளங்கை போகும். ஆக்கத்துக்குக் கீழே புகுந்து, பல பக்கங்களைத் தாண்டி, 'ஆடு' மேய்கிற பக்கத்தில் வெளியே வந்திருந்தது. ஓரமெல்லாம் மண்ணும் தூளும்.

ஐயா அதற்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

"செல்லு" என்றார் அப்பா.

"செல் தின்றுவிட்டது" என்றார் ஐயா. அவருடைய குரலில் இருந்தது ஏமாற்றமா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. பெங்களூரு, பச்சைப் புள்ளி, இரண்டு மாதம், எல்லாம் அந்த ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஐயா என் முகத்தைப் பார்த்தார். "போகட்டும். சந்தேகம் இருக்கிற இடத்தில் மாணவர் பக்கம் நிற்பதுதான் முறை. அரை மதிப்பெண்..."

"வேண்டாம் சாரே" என்றார் அப்பா.

"அப்பா!"

"நீ சும்மா இரி. இரக்கப்பட்டுத் தரக்கூடிய மார்க் நமக்கு எதுக்கு? சொல்லு தமிழுன்னா தரணும். இல்லன்னா தரப்பிடாது."

என் சொந்த அப்பா! நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கையில் கரண்டி இருந்தது.

அப்பா குனிந்து அலுமினியக் குவியலில் இருந்து தட்டையாக்கப்பட்ட குக்கரை எடுத்தார். "சாரே, இது எங்க செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. வடநாடோ, வெளிநாடோ. நாளைக்கு இத உருக்க எடுத்துட்டுப் போவான். உருக்கி ஒரு இட்டிலிச் சட்டி அடிப்பான். அத நம்ம அருமனை ஊருல ஒரு வீட்டுல வாங்கி இட்டிலி அவிப்பாவ. அப்பம் அது ஆருக்க சட்டி? உங்க ஹாக்கர் சீமையில இருந்தே வந்திருக்கட்டும். எங்க ஆளுக அத உடைச்சு, முன்னால உள்ள 'ஹ'வத் தட்டிக் களைஞ்சு, இங்க உள்ள வாய்க்குத் தக்கன அடிச்சு ஆக்கியாச்சு. இனி அத அங்கின கொண்டு போனா அவனுக்கே மனசிலாவாது."

ஐயா குக்கரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, ஏசுஅடிமை மாமாவிடம் கேட்டார். "நீங்க என்ன சொல்லுதிய?" முதல்முறையாக அவர் வாயில் ஊர்ப்பேச்சு வந்தது.

ஏசுஅடிமை மாமா நன்றாக யோசித்தார். "எனக்குச் சொல்லு ஒண்ணும் தெரியாது சாரே. குறி தப்பா விழுந்திருக்குன்னா அழிச்சுரலாம். உடைக்கதுக்கு முந்தி அழிச்சா ஒண்ணும் ஆவாது. உடைச்ச பிறவுதான் கஷ்டம்." அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்.

நான் துள்ளிவிட்டேன்! "ஐயா, செல்லுலயும் அப்பிடி உண்டு! குறிய ஒட்டுகதுக்கு ஆள் இருக்க மாதிரி, ஒட்டின குறியப் பிரிச்சு எடுக்கதுக்கும் நொதி உண்டு! தப்புன்னா எடுத்துரும். எடுத்தா அந்தப் புரதம் பிழைச்சிரும்! இத நான் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க மறந்தே போனேன்!" ஒரே மூச்சில் இவ்வளவும் சொல்லிவிட்டு, போட்டியில் மாணவர் பேசக்கூடாது என்பது நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஐயா சட்டைப் பையிலிருந்து மடித்த மார்க் தாளை எடுத்தார். மூன்று பெருக்கல் குறி பென்சிலில் போட்டிருந்தார். குறி பெருக்கல்தான், எங்கள் கடையில் போடுகிற அதே குறி! "ரப்பர் இருக்கா?" என்றார்.

என்னிடம் இல்லை. அப்பாவிடம் இல்லை. அம்மா ஆணியில் தொங்கிய குக்கர் ரப்பர் வளையத்தைக் கழற்றி நீட்டினாள். ஐயா அதன் ஓரத்தால் மூன்றாவது குறியைத் தேய்த்தார். சுத்தமாக அழியவில்லை, கறுப்பாகத் தீற்றியது. மேலே கையெழுத்துப் போட்டார். நாற்பத்திரண்டரை.

"தேங்க்ஸ் சாரே!" என்றார் அப்பா.

டங்! ஏசுஅடிமை மாமா தண்டவாளத்தில் அடித்துவிட்டார். ஒரு வாரப் பழக்கம். ஐயாவின் கை தானாக மார்க் தாளை நோக்கிப் போனது. நான் அதைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.

குலுக்கல் நடக்கவில்லை, மே மாதம் பெங்களூருக்குப் போகிறேன். ஜினோ மூன்று நாள் முறைத்துவிட்டு நான்காவது நாள், "உங்க அப்பா வழக்காடி ஜெயிச்சிட்டாரு, நீ பச்சப் புள்ளிய வீடியோ எடுத்து அனுப்பு" என்றான். அம்மாவுக்குப் புதுக் குக்கர் வந்துவிட்டது. அதை அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறாள், சாக்பீஸையும் சேர்த்து.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி. பெங்களூரில் ஒவ்வொருவரும் தங்கள் வேலையைத் தாய்மொழியில் ஒரு அட்டையில் எழுதி மேசையில் வைக்க வேண்டுமாம். ஆட்டோஃபேஜிக்கு 'தன்னுண்ணல்' என்று எழுதலாம் என்கிறார் நாராயணபெருமாள் ஐயா. தின்னுவதோடு வேலை முடிந்துவிட்டதா, மீதிப் பாதி எங்கே என்று அப்பா சண்டைக்கு நிற்கிறார். அவர் சொல்வது 'தன்னாக்கர்'. எனக்கு அப்பாவின் சொல்தான் பிடித்திருக்கிறது, ஆனால் ஆக்கர் கடையே இல்லாத ஊரில் பிறந்த ஒரு தமிழ்ப்பிள்ளை அந்த அட்டையைப் பார்த்தால் என்ன புரியும்? நாளைக்குள் எழுதி அனுப்ப வேண்டும். நீங்களே சொல்லுங்கள், தன்னுண்ணலா, தன்னாக்கரா, இல்லை, உங்களுக்கு இதைவிட நல்லதாக ஒன்று தோன்றுகிறதா?